மலையைச் சுற்றி வந்த பூட்ஸ்

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பையன்கள், கடைசியாக ஒரு பெண். ஐந்து பேருக்கும் சோறு போட்டது ஒரு டீக்கடை. அதை எனக்கு யாரும் வைத்துக் கொடுக்கவில்லை, நானே வைத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கடை விளையாட்டு மைதானத்தின் மதிலை ஒட்டி, ஒரு புங்க மரத்தடியில் இருந்தது. மைதானத்துக்கு மேற்கே மலை. சாயங்காலம் சூரியன் சீக்கிரமே அதற்குப் பின்னால் இறங்கிவிடும். அப்போது மலையின் நிழல் மேற்குப் பக்கத்து கோல் கம்பத்தில் தொடங்கி, புல்லில்லாத அந்தச் செம்மண்மேல் மெல்ல நகர்ந்து கிழக்கே வரும். நடுக்கோட்டைத் தொட்டால் முதல் டீ போடுவேன். என் கடை மரத்தைத் தொட்டால் போண்டா மாவைக் கரைப்பேன். வெகு காலம் கடையில் கடிகாரம் கிடையாது. நிழலுக்குள் வந்துவிட்ட பையன்களின் சத்தம்கூட எனக்குக் குளிர்ச்சியாகக் கேட்கும். வெயிலில் இருப்பவர்கள் ஒரு மாதிரி கத்துவார்கள், நிழலில் இருப்பவர்கள் வேறு மாதிரி கத்துவார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே காதால் ஆட்டம் பார்த்தவள்.

கடையை ஆரம்பித்தது எண்பத்தொன்பதில். அந்த வருடம்தான் எங்கள் ஊர் டீம் வேலூர் டீமிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் என் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடினார்கள்.

ஆடியவர்கள் மூன்று பேர். பஸ் கண்டக்டராக இருந்த ஒருவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். தோற்ற டீமுக்கு அவர்தான் கேப்டன். கோல் காத்தவர் ஒரு பாய், கடைத்தெருவில் பஞ்சு மெத்தை தைத்து விற்றவர். மூன்றாவது ஆள் தையல்காரர். அவர் பந்தைக் காலால் தொட்டதே இல்லை. ஆனால் டீமுக்கு பனியன் தைத்தவர் என்பதால் மற்ற இருவரையும்விட ஜாஸ்தி பேசுவார்.

நடந்தது இதுதான். பைனலுக்கு வந்தால் ஆடுகிற பதினோரு பேரும் மலையைச் சுற்றி வருவார்கள் என்று கேப்டன் வேண்டிக்கொண்டிருந்தார். வந்துவிட்டார்கள். பைனலுக்கு முதல் நாள், அவருடைய டூட்டி முடிந்த பிறகு, காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். சித்திரை மாதம். பதினான்கு கிலோமீட்டர். வெறுங்கால். தார் உருகிக் கிடந்த ரோடு. பாய் மட்டும் நடக்கவில்லை, சைக்கிளில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு கூடவே போய் மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் பத்துப் பேரின் உள்ளங்காலும் கொப்புளம்.

"பதினோரு பேர் ஆட்டத்த நான் ஒருத்தன் ஆடினேன்" என்பார் பாய்.

"ஆடித்தானே அஞ்சு வாங்கின?" என்பார் கேப்டன்.

"அஞ்சு வாங்கினேன், சரி. பத்து தடுத்தேனே, அத எவன் எண்ணினான்?"

தையல்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே உள்ளே புகுவார். "அத உடுங்கப்பா. சப்ஸ்டிட்யூட் நாலு பேரு நடக்கவே இல்ல. காலு நல்லாத்தானே இருந்துச்சு? அவனுங்கள எறக்கியிருக்கலாம்ல?"

"வேண்டிக்கினு நடந்தவன வெளிய குந்த வெச்சுட்டு, நடக்காதவன ஆட உட்டா சாமி ஒத்துக்குமாய்யா?"

"சாமி ஒத்துக்கும். வேலூர்காரன்தான் ஒத்துக்கல."

இந்த இடத்தில் நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பேன். "ஏன் கேப்டன், சாமிக்குக் கும்புட கையி பத்தலன்னா கால கேட்டுச்சு? நாளைக்கு ஆட்டத்த வெச்சுக்கினு இன்னிக்கு எவனாவது நடப்பானா?" பெஞ்சே ஆடும்படி சிரிப்பார்கள். கேப்டன் முகம் சுருங்கிப்போகும். எத்தனை வருடம், எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பேன்! சிரித்தவர்களில் நான்தான் ரொம்பச் சிரித்தவள். இதை இங்கே எழுதிவைக்க வேண்டும். பின்னால் வேண்டியிருக்கிறது.

என் பெண் அந்தச் சிரிப்புக்கு நடுவில் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் மரத்தடிக்கு வந்துவிடுவாள். மைதானத்திலிருந்து பந்து தப்பி வந்தால் முதலில் அடி வாங்குவது என் பாய்லர்தான். இரண்டு தடவை நசுங்கிவிட்டது. அதனால் அவளை பாய்லருக்கு முன்னால் நிறுத்திவைத்தேன். நான் அவளுக்குக் கொடுத்த வேலை அது. ஏழு வயதில் கையால் பிடிப்பாள். ஒன்பது வயதில் காலால் நிறுத்தினாள். அப்புறம் அவளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பந்து கிளம்புவதற்கு முன்னாலேயே இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டிருப்பாள். பந்து அவளைத் தேடிக்கொண்டு வந்து காலடியில் படுக்கும். ஓடி நான் பார்த்ததில்லை.

முதலில் கவனித்தவர் பாய். ஒரு நாள் டிரில் மாஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அந்த மாஸ்டர் புதிதாகப் பெண்கள் டீம் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் அரை மணி நேரம் பாய்லர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, டீயைக்கூட ஆறவிட்டுவிட்டு, "உங்க பொண்ண டீமுக்கு அனுப்புங்கம்மா" என்றார்.

அப்படித்தான் அவள் ஸ்டாப்பர் ஆனாள். கோலுக்கு முன்னால் கடைசியாக நின்று தடுக்கிற ஆளுக்கு அதுதான் பேர் என்று பாய் சொன்னார். என் பெஞ்சுக்கும் புதிதாக ஒரு சண்டை கிடைத்தது. ஐந்து கோலை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, என் பெண் தேறுவாளா மாட்டாளா என்று பேச ஆரம்பித்தார்கள்.

"ஓடவே மாட்டேங்குதேய்யா. ஓடாத ஆளு எப்படிய்யா பந்தாட முடியும்?" இது தையல்காரர்.

"முன்னாடியே போய் நின்னுட்டவ எதுக்கு ஓடணும்?" இது பாய். "மல மாதிரி நிக்குது. வர்றவ சுத்திக்கினுதான் போவணும்."

"மேல வந்து ஒரு கோல் போட்டிருக்குதா?"

"உன்ன பனியன் தைக்கச் சொன்னா பாய்லரயா கழுவுவ? தடுக்கறதுதான் அவ வேல."

கேப்டன் மட்டும் நிதானமாகச் சொல்வார். "ஏ, இவள மாதிரி ஒருத்தன் அன்னிக்கு எனக்குப் பின்னால பேக்ல நின்னிருந்தா, கொப்புளத்தோடயே ஜெயிச்சிருப்பேன்." அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்கள் பெஞ்சில் கிடையாது. நான் காதில் விழாதவள் மாதிரி போண்டாவைத் திருப்பிப் போடுவேன். நெஞ்சு மட்டும் எண்ணெய் மாதிரி பொங்கும்.

அவளுக்குப் பதினைந்து வயதில், சென்னையில் இருக்கிற விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க எங்கள் மைதானத்துக்கே வருகிறார்கள் என்று மாஸ்டர் சொன்னார். எடுத்துவிட்டால் அங்கேயே தங்கிப் படிக்கலாம், ஆடலாம், மாநில டீம் வரைக்கும் போகலாம். ஆனால் பூட்ஸ் கட்டாயம். அதுவரை அவள் வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தவள். கேப்டன் மெட்ராஸ் டூட்டியில் போய் ஒரு பழைய ஜோடி வாங்கி வந்தார். அரை விரல் பெரிதாக இருந்தது. பாய் தன் கடையிலிருந்து நல்ல இலவம்பஞ்சாகப் பார்த்து எடுத்து வந்து விரல் பக்கம் திணித்தார். தையல்காரர் பிரிந்திருந்த ஓரத்தை மெழுகு நூலால் தைத்து, "ஓடாட்டியும் பரவால்ல, இது கிழியாது" என்றார். அவள் அதைப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி நடந்து காட்டினாள். மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு ஜோடி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆள் எடுக்கும் நாள் பௌர்ணமிக்கு மறுநாள், காலை எட்டு மணிக்கு.

நான் வேண்டிக்கொண்டேன். அந்த மூன்று பேரையும் பார்த்துச் சிரித்த அதே வாயால்தான் வேண்டிக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்தவளுக்கு மலையை விட்டால் வேறு யாரிடம் கேட்கத் தெரியும்? ஆனால் நான் கேப்டன் மாதிரி முட்டாள் இல்லை என்று எனக்குள் ஒரு கர்வம். அவள் கால் நோகக்கூடாது. அவளுக்காக நான் நடக்கிறேன். அவள் பங்குக்குப் பூட்ஸ் வரட்டும். ஆடப்போகிற பூட்ஸ் மலையைச் சுற்றினால் அவளே சுற்றின மாதிரிதானே? அப்படி ஒரு கணக்கு. சொன்னால் சிரிப்பாள். என் கேலியைக் கேட்டு வளர்ந்தவள்தானே. அதனால் சொல்லவில்லை.

விடிகாலை நான்கு மணிக்கு, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பூட்ஸை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். எட்டுக்கு முன்னால் திரும்பிவிடலாம். முதல் நாள் ராத்திரி முழுக்கப் பௌர்ணமிக் கூட்டத்துக்கு டீ போட்டிருந்தேன், கண்ணை மூடவில்லை. அது அப்போது ஞாபகத்தில் இல்லை. வழியில் கோயிலில் கற்பூரத்தட்டு காட்டியவரிடம் துண்டைப் பிரித்து நீட்டினேன். அவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார், ஒரு தரம் பூட்ஸைப் பார்த்தார். பிறகு இரண்டு முனையிலும் விபூதி பூசி, குங்குமம் வைத்து, ஓர் அரளிப்பூவும் போட்டார்.

செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சிலர் எனக்கு முன்னால் பேச்சே இல்லாமல் நடந்தார்கள். நிலா இன்னும் மேற்கே இருந்தது. மலை ஒரு பக்கம் நிலா வெளிச்சத்திலும் ஒரு பக்கம் இருட்டிலும் இருந்தது. நான் நடக்கிறேனா, மலை திரும்பிக்கொள்கிறதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அது வேறு ஒரு முகம் காட்டும். கைக்குள் பூட்ஸ் குழந்தையைப் போலச் சூடாக இருந்தது. அவளைப் பச்சைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு நடந்த ஞாபகம் வந்தது.

அடி அண்ணாமலை வந்தபோது விடிந்துவிட்டது. நிலக்கடலைக் கொல்லைமேல் பனி புகை மாதிரி கிடந்தது. மூடியிருந்த ஒரு கடைக்கு முன்னால் ஒரு கல். கால் ஆறட்டும் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன்.

அப்போது பார்த்தது கனவு என்றுதான் சொல்ல வேண்டும். மைதானத்தில் யாரும் இல்லை. சத்தமும் இல்லை. நிழல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு மலை தன் இடத்திலிருந்து எழுந்து, மெதுவாக நடந்து வந்து, கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றது. ஊரே பந்து மாதிரி அதைச் சுற்றிச் சுற்றிப் போனது. அதன் காலைப் பார்த்தேன். பூட்ஸ் இல்லை. "இந்தா, இந்தா" என்று துண்டைப் பிரிக்கிறேன், பிரிக்கப் பிரிக்கத் துண்டு நீண்டுகொண்டே போகிறது.

முகத்தில் வெயில் சுட்டு எழுந்தேன். மணி எட்டு என்றார் ஒருவர்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் செய்தது. தூக்கம் நான் செய்ததில்லை, அது வந்தது. ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஒரு வேன் என் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிற பையன் தலையை நீட்டினான். "எங்கம்மா போவணும்?"

"மைதானத்துக்குப்பா. எட்டு மணிக்குப் பொண்ணு ஆடணும்."

"ஏறும்மா, பத்து நிமிஷத்துல எறக்கிடறேன்."

நான் வேனைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சுற்றிவிட்டேன். இங்கே ஏறிவிட்டால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடும், அது அவளை இடிக்குமோ என்று பயம். பயம் மட்டுமா? முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. "நீ போப்பா, நடந்துக்கறேன்" என்றேன். நான் வேனில் ஏறவில்லை.

கால் கொப்பளித்து, மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என் பெண் கோட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றிருந்தாள். பூட்ஸ் இல்லாமல் இறக்க முடியாது என்று ஆள் எடுக்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். மற்றப் பிள்ளைகளின் பூட்ஸ் ஒன்றும் அவளுக்குச் சேரவில்லையாம். "பூட்ஸு எங்கம்மா?" என்று மாஸ்டர் கேட்கும்போதெல்லாம், "வந்துடும் சார், வந்துடும் சார்" என்று மட்டும் சொன்னாளாம்.

பாய், கேப்டன், தையல்காரர் மூன்று பேரும் மதில் ஓரம் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தையல்காரர் கத்தினார். "இன்னாக்கா இது! பூட்ஸு எங்க இருந்துச்சு?"

அந்த மூன்று முகத்தையும் பார்த்தேன். பத்து வருடம் நான் பார்த்துச் சிரித்த முகங்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வூட்லயே மறந்துட்டு வந்துட்டா. நான்தான் எடுத்துக்கினு ஓடியாறேன்."

என் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பந்து எங்கே விழும் என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு துண்டை வாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த அரளிப்பூவை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். ஒரு பிடி செம்மண்ணை அள்ளிப் பூட்ஸின் இரண்டு முனையிலும் தேய்த்தாள். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. குங்குமம் மறைந்த பிறகுதான் கயிற்றைக் கட்டினாள்.

பத்து நிமிஷம் ஆடினாள். என்ன ஆடினாள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. நின்றாள். எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி பந்தோடு வந்தாள், இவளைப் பார்த்ததும் பந்தை வேறு பக்கம் தள்ளினாள். இன்னொருத்தி வந்தாள், அவளும் திரும்பிவிட்டாள். அந்தப் பத்து நிமிஷமும் பந்து அவள் பக்கம் வரவே இல்லை. வெயிலில் தூசு மட்டும் எழுந்து, அவளைத் தொடாமல் இறங்கியது. விசில் ஊதிவிட்டார்கள். பட்டியலில் அவள் பேர் இல்லை.

அன்றிலிருந்து ஐந்து கோலுக்குப் பக்கத்தில் இதுவும் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பத்து நிமிஷம் எவளும் அந்தப் பக்கம் போவல. அதப் பாக்கத் தெரியாதவன் ஆளெடுக்க வந்தான் பாரு" என்பார் கேப்டன்.

"அவனுக்கு இன்னா தெரியும்? தடுத்தது கண்ணுக்கா தெரியும்?" என்பார் பாய்.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. ஆட்டத்துக்குப் போறவ பூட்ஸ மறப்பாளா? அவ்ளோ அசால்ட்டா இருந்தா எவன் எடுப்பான்?" என்பார் தையல்காரர். ஓரத்தைத் தைத்துக் கொடுத்தவர், அவருக்கு வருத்தம்.

மறதிக்காரி. என் பெண்ணுக்கு அந்தப் பேர் பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதே பெஞ்சுக்குப் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள். தலையைத் தூக்கமாட்டாள். நான் டீயை ஆற்றிக்கொண்டே இருப்பேன். தேவைக்கு மேல் ஆற்றுவேன்.

ஒரே ஒரு தடவை பாய் இப்படி ஆரம்பித்தார். "எனக்கு ஒண்ணு வெளங்கல. அக்கா வூடு கிரவுண்டுக்குத் தெக்கால. அன்னிக்கு வடக்கால இருந்து வந்தாங்களே..." சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். வடக்கே இருந்து வருவது மலையைச் சுற்றி முடிக்கிற வழி என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? மற்ற இருவரும் வேறு ஏதோ பேச்சில் இருந்தார்கள். பாய் எழுந்துவிட்டார். கிளம்பும்போது டம்ளரைக் கையில் கொடுத்து, தணிந்த குரலில், "காலு ஆறிடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அதோடு சரி. இப்போது அவர் இல்லை. பத்து தடுத்ததை எண்ணாத ஊரில், இதையும் தடுத்துவிட்டுப் போனார்.

என் பெண் தோற்றுப்போய்விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கல்லூரி டீமில் மூன்று வருடம் ஆடினாள். இன்றைக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மாநில டீம் வரைக்கும் போயிருப்பாளா? அந்த மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு அது. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவள் பூட்ஸை மறக்கவில்லை என்பது. அதை அவளுக்கு நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் வரவில்லை. யாருக்கும் தலை குனியாமல் ஐந்து பேரை வளர்த்தவளுக்கு, வளர்த்த பெண்ணிடம் குனிவது கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இந்த நோட்டு.

அம்மாடி, இங்கே வா. பாட்டி எழுதினதை எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டு. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, நிதானமாகப் படி. உங்கம்மா உள்ளேதான் அவள் டீம் பிள்ளைகளின் பனியனை மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்கட்டும். நான் வேனில் ஏறவில்லை என்கிற இடம் வரும், அங்கே கொஞ்சம் சத்தமாகப் படி. அதற்கடுத்து நான் அவர்களிடம் ஒன்று சொன்னேனே, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாக.